உன் கடிதத்தில் என் பெயர்

மார்ச் 4

அண்ணனுக்கு,

இரண்டு வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பேசுவதற்காக எழுதவில்லை. போனில் சொன்னால் உன் காதில் விழாது, விழுந்தாலும் ஏறாது. அதனால் எழுத்தில் தருகிறேன்.

இன்று காலை மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மின்னஞ்சலைச் சத்தமாகப் படித்தார். "கிழக்கு பிளாக் லிஃப்ட்டுக்கு ரோப் மாத்தச் சொல்லி இது ஏழாவது தடவை. மெஷின் ரூம் வரைக்கும் ஏறிப் பார்க்கத் துப்பில்ல, அரை பாட்டில் சென்ட்டை ஊத்திக்கிட்டு நாற்காலியைத் தேய்க்கற நீயெல்லாம் ஒரு மேனேஜரா?"

படித்து முடித்துவிட்டு, "ஏன்மா, நேர்ல வணக்கம் வைக்கறீங்க, வீட்டுக்குப் போய் இப்படி எழுதறீங்களா? ஏழு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு.

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அந்தத் 'துப்பில்ல' காதில் மறுபடி ஓடியதும் புரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவன் ஒருத்தன்தான்.

தப்பில் என் பங்கும் இருக்கிறது. சம்பளச் சீட்டு இனிமேல் மின்னஞ்சலில்தான் வரும் என்று நம் லிஃப்ட் கம்பெனியில், நீயும் அங்கே இருந்த காலத்தில், சொன்னபோது, உனக்குத் தெரியாது என்று நான்தான் ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். முகவரிக்கு உன் ஊழியர் எண்ணைப் போட்டேன். பெயர் கேட்ட கட்டத்தில் கை பழக்கத்தில் என் பெயரையே அடித்திருக்கிறேன். நீ அனுப்புகிற கடிதத்தில் எந்தப் பெயர் தெரிகிறது என்று உனக்குத் தெரியாது, வாங்குகிறவருக்குத்தான் தெரியும். அவர் போனில் பெயர் மட்டும்தான் காட்டும். அதன் பின்னால் இருக்கிற முகவரியை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்? கடிதத்தின் கீழே பெயர் போடுகிற மரியாதையும் உனக்குக் கிடையாது.

"எழுதினது என் அண்ணன்" என்றேன். "அப்ப அவர் பேர்ல எழுதச் சொல்லுங்க. உங்களுக்கு மெமோ வரும், எழுத்துல விளக்கம் கொடுங்க" என்றார்.

இனி நான் சொல்வதைச் செய். போனில் நோண்டாதே, அதில் அந்த வசதி இல்லை. ஏதாவது ஒரு கணினியில் உன் கணக்கைத் திற. மேலே வலது மூலையில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். உனக்குப் பழக்கமானதுதான். அதை அழுத்தி, 'எல்லா அமைப்புகளும்' என்பதற்குள் போ. அங்கே 'கணக்குகள்'. அதில் 'இந்தப் பெயரில் அனுப்பு' என்று ஒரு வரி, பக்கத்தில் 'திருத்து'. என் பெயரை அழி. உன் பெயரை அடி. 'சேமி' என்பதை அழுத்தாமல் எழுந்து வராதே.

ஐந்து நிமிஷ வேலை. உனக்கு அரை நாள் ஆகும். ஆகட்டும்.

தங்கை


மார்ச் 6

தங்கச்சிக்கு,

படிச்சேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன தனியா சிரிக்கறீங்க?"ன்னு கேட்டா.

ஏழு மாசமா எழுதறோமே, ஒரு திட்டுக்கூட திரும்பி வரலயேன்னு நெனச்சேன். இப்பதானே தெரியுது, அந்த சென்ட்டு மேனேஜர் என்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் உன்னைப் பார்த்துத் திட்டியிருக்கான். ஒண்ணு சொல்லட்டுமா? உன் பேர்ல இதுவரைக்கும் உருப்படியா வெளியே போனது அந்த ஏழு கடுதாசிதான். மத்ததெல்லாம் 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'. பதிவு பண்ணிப் பண்ணி என்னத்தைக் கண்ட நீ?

என் கடுதாசில உன் பேர் வந்தா அசிங்கமா இருக்கு உனக்கு. சரி. 'ஒழுங்கீனம் காரணமாக உடனடியாகப் பணிநீக்கம்'னு எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சே, அதை டைப் பண்ணது யாரு? அதுல உன் பேர் எங்கயும் இல்ல. அது மட்டும் வசதியா இருந்துச்சோ?

என் ஒழுங்கீனம் என்னன்னு ஊருக்கே தெரியும். பன்னண்டு மாடி கிழக்கு பிளாக், ரோப் மெலிஞ்சு போச்சு, மாத்தாம ஆய்வுச் சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னேன். வெளியே போடான்னாங்க. வந்துட்டேன். இப்ப கடை ஷட்டர் ரிப்பேர் பண்றேன். ஷட்டர் விழுந்தா கால் விரலோட போகும்.

அந்த பிளாக் காவலாளி இன்னும் எனக்கு மெசேஜ் போடறான். லிஃப்ட் தரைக்கு நாலு விரல் கீழே நிக்குதாம். ரோப் தேய்ஞ்சு சக்கரத்துல வழுக்குனா அப்படித்தான் நிக்கும். அதான் எழுதறேன். பொழுது போகாம இல்ல.

பல்சக்கரமாம், அமைப்பாம். மாத்த முடியாது போ.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். மேலாளரை இழிவாகப் பேசியது, நிறுவன ரகசியத்தை வெளியில், அதாவது உனக்கு, சொன்னது என்று இரண்டு குற்றம். உனக்குச் சிரிப்பு வந்தால் இன்னொரு தடவை சிரித்துக்கொள்.

முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறார். நான் நாற்காலியைத் தேய்த்தால்தான் இந்த வீடு நடக்கிறது. உன்னைப் போல ஒரு வீராப்பு வசனம் பேசிவிட்டு வெளியே வர எனக்கும் ஆசைதான். ஷட்டர் கடை எனக்கு ஒத்துவராது.

ஆமாம், நான்தான் டைப் செய்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நடுவில் 'குடிபோதையில்' என்று ஒரு வார்த்தை சொன்னார். அடிக்கவில்லை. படித்துக்காட்டச் சொன்னபோதும் அது இருக்கிற மாதிரியே படித்துக்காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால் உனக்கு ஷட்டர்கூட யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் வாய் சொல்ல வைத்துவிட்டது.

ஒரு நாள் கையெழுத்துப் போடாமல் வந்ததை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறாய். அந்த வீரத்தை உன் பெயரிலேயே நடத்து. என் பெயரை விடு.

தங்கை


மார்ச் 13

தங்கச்சிக்கு,

மாத்தியாச்சு.

நூலகத்துல போய் உட்கார்ந்தேன். பல்சக்கரம் இருந்துச்சு. பதினோரு பல்லு போட வேண்டிய இடத்துல எட்டுப் பல்லு, அந்த மாதிரி சக்கரம் ஒரு நாள் ஓடாது. 'திருத்து'வை அழுத்துனா உன் பேர் கட்டத்துல உட்கார்ந்திருக்கு. ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். தலைப்பெழுத்து மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே, அதை விட்டு வெச்சேன்.

என் பேரை அடிச்சு, சேமின்னு போட்டேன். வெளியே வந்து பார்த்தா மறுபடியும் உன் பேரே நிக்குது. நூலகத்து அம்மா வந்து பார்த்துட்டு, "பேருக்குப் பக்கத்துல ஒரு வட்டம் இருக்கு பாருங்க, அதையும் அழுத்தணும்"னாங்க. பன்னண்டு மாடிக்கு வயரிங் போட்டவனுக்கு வட்டம் தெரியல. நீ எழுதுன பாடத்துல வட்டம் எங்கே? அவசரத்துல விட்டுட்ட. உன் வேலை எப்பவும் அப்படித்தான்.

அந்த 'குடிபோதை' விஷயம். படிச்சேன். அதுக்கு நான் ஒண்ணும் எழுதப் போறதில்ல.

எட்டாவது கடுதாசி நேத்தே சென்ட்டுக்கு என் பேர்ல போயாச்சு. உன் விளக்கத்துல என்னை எப்படி வேணும்னாலும் எழுதிக்கோ.

அண்ணன்


மார்ச் 17

அண்ணனுக்கு,

உன் எட்டாவது கடிதத்தின் கதி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்.

அது வந்ததும் மேலாளர் முகம் மலர்ந்துபோனது. "அவனா? அப்ப விடுங்க" என்றார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு தன் போனை என்னிடமே நீட்டி, "இந்தப் பேர்ல எது வந்தாலும் நேரா குப்பைக்குப் போற மாதிரி பண்ணிடுங்கம்மா" என்றார். பண்ணிக் கொடுத்தேன். நீ ஒன்பதாவது எழுதினால் அதை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். என் பெயரில் இருந்தவரைக்கும் திட்டுவதற்காகவாவது படித்தார்.

நான் கேட்டதுதான் நடந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

நேற்று கிழக்கு பிளாக் ஒன்பதாம் மாடி அம்மா போன் செய்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர். மாதத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவார், நான் பதிவு செய்வேன், உனக்குத்தான் தெரியுமே. இந்தத் தடவை நாலு விரல் இல்லை, ஒரு சாண். முன் சக்கரம் இறங்கிச் சாய்ந்து, கதவில் தலை இடித்திருக்கிறது. "பதிவு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். நான் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன்.

கோப்பு அறைக்குப் போய்க் கிழக்கு பிளாக்கின் ஆய்வுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லா மாதமும் 'ரோப்: நன்று'. கடைசி நாலு மாதமும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்ட மெக்கானிக் அன்றைக்குத் தன் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தார். நானே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

உன் பெருமையை ஒரு நாளைக்குக் கழற்றி வைத்துவிட்டுச் சொல். ரோப் கெட்டிருக்கிறதா இல்லையா என்று என்னை மாதிரி ஒருத்தி பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

தங்கை


மார்ச் 18

முடியும். உனக்கே முடியும்னா யாருக்கும் முடியும்.

மெஷின் ரூம் சாவி காவலாளிகிட்ட இருக்கு. என் பேரைச் சொல்லு. மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிட்டு உள்ளே போ. அணைக்காம கையை நீட்டாதே, புடவையோ துப்பட்டாவோ தொங்கவிட்டுக்கிட்டுப் போகாதே. பெரிய சக்கரத்துக்கு அடியில தரையைப் பாரு. செம்மண்ணு மாதிரி பொடி கொட்டிக் கிடந்தா ரோப் உள்ளுக்குள்ளயே அரைபடுதுன்னு அர்த்தம். பழைய துணியால ரோப்பைச் சுத்திப் பிடிச்சு மெல்ல இழு. துணி வழுக்கிக்கிட்டு வந்தா நல்லது. சிக்கிச் சிக்கி வந்தா கம்பி அறுந்து முள்ளா நிக்குது.

அஞ்சு ரோப் இருக்கே, ஒண்ணு போனா நாலு தாங்கும்னு சென்ட்டு சொல்வான். அஞ்சும் ஒரே நாள்ல மாட்டுனது, ஒரே மாதிரி தேய்ஞ்சது.

ஏறிப் போகும்போது லிஃப்ட்ல போகாதே. உனக்கு அந்த அளவு புத்தி இருக்குமான்னு சந்தேகம், அதான் எழுதறேன்.


மார்ச் 21

அண்ணனுக்கு,

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். பன்னிரண்டு மாடி. எட்டாவதில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்டிக்கொண்டே மீதி நாலையும் ஏறினேன், அது கொஞ்சம் உதவியாக இருந்தது.

பொடி கிடந்தது. செருப்புத் தடம் பதிகிற அளவுக்கு. துணியை ரோப்பில் வைத்து இழுத்தேன். ஒரு முழம்கூட வரவில்லை, கிழிந்து அங்கேயே தொங்கியது. முள்ளை எண்ண ஆரம்பித்தேன், இருபதுக்கு மேல் எண்ணவில்லை. காவலாளி பின்னால் நின்று, "அண்ணன் சொன்னா யார் கேட்டா?" என்றார். துணியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்தத் துணியைக் கொண்டுபோய் மேலாளர் மேஜையில் வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா இது, அண்ணன் பாசமா? அடுத்த வருஷத் திட்டத்துல சேர்த்திருக்கு. போய் உங்க வேலையைப் பாருங்க" என்றார். அந்த மனிதருக்குப் பதினாறு வருஷமாக எழுந்து நின்று வணக்கம் வைத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கு என் கால்களின் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

என் வேலை எதுவென்று யோசித்தேன். வீட்டுக்கு வந்து, அரசு லிஃப்ட் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அலுவலகக் கணக்கிலிருந்து இல்லை, என் சொந்தக் கணக்கிலிருந்து. அனுப்பும் முன் அதில் என் பெயர் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். 'பாப்பா அம்மா' என்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எழுதுவதற்காக எப்போதோ வைத்தது. அப்படியே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆய்வாளர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும், எந்தப் பாப்பாவுக்கு எந்த அம்மா என்று. உன் மாப்பிள்ளை கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தறதுன்னா மாத்து, இல்லேன்னா எழுதாதே" என்றார். மாற்றினேன். வட்டத்தையும் அழுத்தினேன்.

நீ ஏழு தடவை அறியாமல் போட்ட பெயரை ஒரு தடவை தெரிந்தே போட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

கடிதத்தின் நகலை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆய்வுச் சீட்டுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். எல்லாம் என்றால் எல்லாம், அண்ணா. நீ வேலையில் இருந்த கடைசி மாதங்களின் சீட்டும் அதில் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் இணைத்தேன்.

தங்கை


மார்ச் 23

தங்கச்சிக்கு,

நகல் வந்துச்சு. ஒரு பக்கக் கடுதாசில மூணு 'பணிவுடன்', ரெண்டு 'தயவுகூர்ந்து'. ரோப் யாருக்கும் தயவு பார்க்காது. ஆய்வாளர் அந்தப் பணிவையெல்லாம் தாண்டி விஷயத்துக்கு வந்தாருன்னா அவர் பெரிய ஆளு.

நீ பார்த்துட்ட. அதனால சொல்லிடறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொன்னது ஒரு மாசம் கழிச்சு. அதுக்கு முந்தின மாசம் அதே பொடியை அதே தரையில பார்த்தேன். சென்ட்டு தோள்ல கையைப் போட்டு, "இந்த ஒரு மாசம் போட்டுடுப்பா, ரோப் வந்துக்கிட்டே இருக்கு"ன்னான். போட்டேன். 'நன்று'ன்னு என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கவும் செஞ்சேன்.

ஆய்வாளருக்கு நானே எழுதியிருக்கலாம்னு நீ கேட்கல. கேட்டிருக்கணும். எழுதினா அந்தச் சீட்டும் வெளியே வரும். சென்ட்டுக்கு எழுதினா வராது. அதான் ஏழு கடுதாசியும் அவனுக்கே போச்சு. கீழே பேர் போடாததும் மரியாதை தெரியாம இல்ல. உன்னைத் துப்பில்லன்னு சொன்ன வாய் இது.

உன் அண்ணிகிட்ட இன்னும் சொல்லல. வீரன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா ஷட்டர் கிரீஸ் சட்டையைத் துவைச்சுக்கிட்டு இருக்கா.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணனுக்கு,

ஆய்வாளர் வந்தார். கூட இரண்டு பேர். ரோப்பை அளந்து பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் லிஃப்ட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். ஒரு ரோப்பில் ஒரு புரி முழுசாக அறுந்திருந்ததாம். அவர் மேலாளரைப் பார்த்து, "இதுல நீங்க ஒரு தடவை ஏறி இறங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். நம்மவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

நன்றி கிடைக்கும் என்று நீ கனவு கண்டால் தெரிந்துகொள். ரோப் வர இரண்டு வாரம் ஆகும். ஒன்பதாம் மாடி அம்மா இன்று என்னைக் கூப்பிட்டு, "நீதான் பூட்ட வெச்சியா? ரெண்டு வாரம் நான் என்ன ஜன்னல் வழியா இறங்கறதா?" என்று கத்தினார். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி தன் நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். என்னைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இனி நான் போல்ட்டும் நட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

விசாரணை பதினெட்டாம் தேதி. உனக்கும் கடிதம் வந்திருக்கும். கம்பெனி வக்கீல் உன் சீட்டைத்தான் முதலில் எடுப்பார். 'ரோப் நன்றாக இருந்ததற்கு இவரே சாட்சி, பிறகு எழுதியதெல்லாம் வேலை போன வயிற்றெரிச்சல்' என்பார். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வருவதென்றால் கிரீஸ் இல்லாத சட்டை போட்டுக்கொண்டு வா. அண்ணியிடம் சொல்லிவிட்டு வா.

தங்கை


ஏப்ரல் 8

சொல்லிட்டேன். ரெண்டு நாளா பேசல. இன்னைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில மாட்டியிருக்கா. வரேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணனுக்கு,

நேற்று விசாரணை முடிந்ததும் தாழ்வாரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் என்னவோ சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நீ உள்ளே பேசியது உனக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. காது மந்தமானவர்களுக்குத் தாங்கள் கத்துவது தெரியாது. அறை முழுக்கக் கேட்டது, வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அதிகாரி சீட்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானா?" என்றார். வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். நீ எழுந்து நின்று, "கையெழுத்து என்னோடது. எழுதியிருக்கறது பொய். பொடியைப் பார்த்துட்டுத்தான் போட்டேன். அடுத்த மாசச் சீட்டை எடுங்க, அதுல என் கையெழுத்து இருக்கான்னு பாருங்க. அதுக்குத்தான் என்னைத் தூக்கினாங்க" என்றாய். வக்கீல் பேனாவை மூடினார். மேலாளர் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எத்தனை பாட்டில் சென்ட் போட்டாலும் அந்த முகத்துக்கு இனி உதவாது.

இன்று உத்தரவு வந்தது. அவரை வழக்கு முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நாலு பொய்ச் சீட்டையும் எழுதியவர்கள் மேலும் வழக்கு. உன் மெக்கானிக் உரிமத்தை ஒரு வருஷத்துக்குப் பிடித்து வைக்கிறார்கள். குறைவு என்றுதான் நினைக்கிறேன். நீயும் அப்படித்தான் நினைப்பாய். எனக்குக் கிடங்குதான், அதில் மாற்றமில்லை. இருட்டாக இருந்தாலும் யாருக்கும் எழுந்து நின்று வணக்கம் வைக்க வேண்டியதில்லை.

தாழ்வாரத்தில் நான் சொன்னது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. உன் மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பாப்பாவுக்கு உன் முகமே மறந்துபோயிருக்கும்.

புது வீட்டுக்கு நீ வந்ததில்லை. நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, நம் கம்பெனி மாட்டியதுதான்.

படியில் ஏறி வா.

தங்கை